ஆற்றுப்படுத்தும் நடை

உரைநடை உலகம்

நுழையும்முன்

நீரிழிவு நோயாளிக்கும் இதயநோயாளிக்கும் மருத்துவர் நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பது பலரும் அறிந்ததே. மனச்சோர்வு நோய்க்கான சிகிச்சையிலும் நடைக்கு இடமுண்டு என்பது அந்த அளவிற்கு அறியப்படவில்லை. உள்ளத்தின் நோயைக் கால்கள் எவ்வாறு ஆற்றும்? எழுந்து நடக்கும் விருப்பத்தையே பறித்துவிடும் ஒரு நோயில், நோயாளியை நடக்கச் செய்வது எப்படி? நடையால் ஆவது எவ்வளவு, ஆகாதது எது? இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடைகளையும், அவற்றில் உற்றார்க்கும் நண்பர்க்கும் உரிய பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

துயரமும் நோயும்

துயரம் மனித வாழ்வின் இயல்பு. எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினை வகுத்துள்ளார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், இருந்த நிலையிலிருந்து தளர்தல், பொருளின்றி வாடுதல் ஆகியவை இன்றும் மனிதரை அழவைப்பனவே. இத்தகைய துயரம் ஒரு காரணம் பற்றி வரும். நாள் செல்லச் செல்லத் தணியும். இடையிடையே ஒரு நல்ல செய்திக்கு முகம் மலரவும் இடந்தரும்.

மனச்சோர்வு நோய் இதனின் வேறானது. அது ஓர் இழப்பைத் தொடர்ந்தும் வரலாம். வெளிப்படையான காரணம் எதுவும் இன்றியும் வரலாம். தாழ்ந்த மனநிலையோ, எதிலும் நாட்டமின்மையோ ஏறத்தாழ நாள் முழுவதும், நாள்தோறும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்குமாயின் மருத்துவர் இந்நோயைக் கருதிப் பார்க்கின்றனர். அதனோடு உறக்கம் கெடுதல் அல்லது மிகுதல், பசியில் மாற்றம், ஓயாத களைப்பு, கவனம் சிதறல், தான் எதற்கும் உதவாதவர் என்னும் எண்ணம், எதிர்காலத்தில் நம்பிக்கையின்மை, சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் சிலவும் சேர்ந்திருக்கும். தேர்வுக்கு முதல்நாள் தோன்றும் பரபரப்பையும் வேலைப்பளுவால் வரும் இறுக்கத்தையும் மன அழுத்தம் என்கிறோம். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே குறிப்பிட்டாலும், மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெங்களூரு தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று கணித்தது. அவர்களுள் பெரும்பாலோர் உரிய சிகிச்சையைப் பெறுவதில்லை என்பதையும் அது வெளிப்படுத்தியது. இந்நோய் அரிதானதன்று, நம் தெருவிலும் வகுப்பறையிலும் இருப்பது.

நடையில் தெரியும் நோய்

மனச்சோர்வு உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. உடலிலும் அது தன் தடத்தைப் பதிக்கிறது. ஜெர்மனிய ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோயாளிகளின் நடையையும் நோயற்றோரின் நடையையும் கருவிகளின் துணையால் அளந்து ஒப்பிட்டனர். நோயாளிகள் மெதுவாக நடந்தனர். அவர்தம் கைவீச்சுக் குறைந்திருந்தது. நடக்கும்போது தலையும் உடலும் மேலெழுந்து தாழும் அசைவு சுருங்கியிருந்தது. முதுகு முன்னோக்கிக் கூனியிருந்தது. ஒருவர் வாய்திறந்து கூறாததை அவருடைய நடை கூறிவிடக்கூடும் என்பதை இவ்வளவைகள் உணர்த்துகின்றன.

இந்நோய் ஒரு சுழலாக இயங்குகிறது. களைப்பினால் ஒருவர் வெளியே செல்வதைக் குறைக்கிறார். வெளியே செல்லாததால் நண்பரைக் காண்பதில்லை, விளையாட்டு இல்லை, செய்து முடித்தோம் என்னும் நிறைவு தரும் செயலும் இல்லை. மகிழ்வளிக்கும் வாய்ப்புகள் ஒவ்வொன்றாக அற்றுப்போக, மனம் மேலும் தாழ்கிறது. தாழ்ந்த மனம் உடலை மேலும் முடக்குகிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970களில் இச்சுழலை விளக்கி, மனம் சீரான பிறகு செயலைத் தொடங்கலாம் என்று காத்திராமல் சிறு செயல்களைத் தொடங்குவதன் வாயிலாக மனத்தை மீட்கும் சிகிச்சைமுறைக்கு அடித்தளமிட்டார். செயலூக்கச் சிகிச்சை எனப்படும் அம்முறை இன்றும் உளவியல் மருத்துவத்தில் கையாளப்படுகிறது. எங்கும் எளிதில் செய்யத்தக்க சிறுசெயல்களுள் நடையும் ஒன்று.

பழைய எண்ணம், புதிய சோதனை

உடலியக்கம் மனநோய்க்கு உதவும் என்னும் எண்ணம் புதிதன்று. இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் பர்ட்டன் 1621ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மனச்சோர்வின் உடற்கூறு' என்னும் பெருநூலில், அந்நோய்க்குரிய தீர்வுகளுள் ஒன்றாக உடற்பயிற்சியை விரித்துரைத்தார். மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர் 1796ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஓர் இல்லத்தைத் திறந்தார். அங்கு நோயாளிகள் மனிதராக மதிக்கப்பட்டனர், தோட்டத்தில் வேலை செய்தனர், திறந்தவெளியில் உலாவினர். பிற்கால மனநல விடுதிகள் பலவற்றிற்கு அவ்வில்லம் முன்மாதிரியாயிற்று.

ஆயினும் நம்பிக்கை வேறு, நிறுவப்பட்ட உண்மை வேறு. நடந்தவர்கள் நலம்பெற்றனர் என்றால், நடையால் நலம்பெற்றனரா, நாட்கள் கடந்ததால் நலம்பெற்றனரா, அல்லது நோய் குறைந்தவர்களால்தாம் நடக்க முடிந்ததா? இவ்வினாவிற்கு விடைகாண, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் தேவைப்பட்டன.

அத்தகைய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் தலைமையில் நடந்து 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வாகும். ஐம்பது வயதும் அதற்கு மேலும் உடைய மனச்சோர்வு நோயாளிகள் 156 பேர் அதில் பங்கேற்றனர். அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர் வாரத்திற்கு மூன்று நாள், பயிற்றுநர் மேற்பார்வையில், நாளொன்றுக்கு 30 நிமிடம் விரைவாக நடந்தனர் அல்லது மெதுவாக ஓடினர். இரண்டாம் குழுவினர் செர்ட்ராலின் என்னும் மருந்தை உட்கொண்டனர். மூன்றாம் குழுவினர் இரண்டையும் மேற்கொண்டனர். 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒத்த அளவில் நலம்பெற்றிருந்தனர். மருந்து மட்டும் உட்கொண்டோர் தொடக்க வாரங்களில் பிறரைவிட விரைவாகத் தேறினர். நலம்பெற்றோரை மேலும் ஆறு மாதங்கள் கவனித்தபோது, பயிற்சிக் குழுவில் இருந்தோர்க்கு நோய் திரும்பியது மருந்துக் குழுவினரைவிடக் குறைவாகக் காணப்பட்டது. ஆய்வு முடிந்த பின்னும் தாமாகவே பயிற்சியைத் தொடர்ந்தோர் நோயின்றி இருக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது.

இதே ஆய்வுக்குழுவினர் 2007ஆம் ஆண்டில் 202 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். இம்முறை மருந்துப்பொருள் இல்லாத போலி மாத்திரை பெறும் குழு ஒன்றும் சேர்க்கப்பட்டது. நோய் நீங்கியோரின் அளவு, மேற்பார்வையுடன் கூட்டாகப் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 45. வீட்டிலிருந்தே பயிற்சி செய்தோரில் 40. மருந்து உண்டோரில் 47. போலி மாத்திரை பெற்றோரில் 31. இந்த நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பயிற்சி, மருந்துக்கு அருகில் நிற்கிறது என்பது ஒரு செய்தி. போலி மாத்திரை பெற்றோரிலும் ஏறத்தாழ மூன்றிலொருவர் தேறினர் என்பது மற்றொரு செய்தி. மருத்துவரின் கவனிப்பும், தேறுவோம் என்னும் எதிர்பார்ப்பும், காலமும் தம்மளவில் ஆற்றும் பணியை அது காட்டுகிறது. எதைச் செய்தபோதும் பாதிக்கும் மேற்பட்டோர் அக்காலத்திற்குள் முழுமையாக நலம்பெறவில்லை என்பது மூன்றாவது செய்தி. எந்த ஒரு வழியும் எல்லோருக்கும் போதுமானதன்று.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். 5 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை.

2022ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1,91,130 பேரைப் பின்தொடர்ந்த 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணித்தது. வாரத்தில் இரண்டரை மணி நேர விரைவுநடைக்கு ஈடான இயக்கம் உடையோர்க்கு, இயக்கமே இல்லாதோரைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 விழுக்காடு குறைவாக இருந்தது. அதில் பாதியளவு இயங்கியோர்க்கும் 18 விழுக்காடு குறைவாக இருந்தது. சிறிதளவு இயக்கமும் வீணாவதில்லை என்பது இதன் கருத்து.

ஆய்வுகளின் எச்சரிக்கை

அறிவியல் தனக்கு உவப்பான முடிவுகளை மட்டும் பதிவு செய்வதன்று. உலகெங்கும் நடந்த 39 ஆய்வுகளை 2013ஆம் ஆண்டில் ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி மனச்சோர்வை மிதமான அளவில் குறைக்கிறது என்று கூறியது. ஆனால், மிகக் கண்டிப்பான முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அப்பயன் சிறிதாகவே தோன்றியது. 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு பெருந்தொகுப்பு, 218 ஆய்வுகளையும் 14,170 பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கியது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசைவலிமைப் பயிற்சி ஆகியவை குறிப்பிடத்தக்க பயன் தருவதாக அது கண்டது. சான்றுகளின் உறுதி இன்னும் வளரவேண்டியுள்ளது என்பதையும் அவ்வாய்வாளர்களே குறித்துள்ளனர்.

இவற்றினும் சிந்தனைக்குரியது, 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வு. மனச்சோர்வுக்காகப் பொதுமருத்துவரை நாடிவந்த 361 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர். மற்றொரு குழுவினர்க்கு அச்சிகிச்சையோடு, உடலியக்கத்தைக் கூட்டுமாறு ஊக்கமூட்டும் ஆலோசகர் ஒருவரின் வழிகாட்டலும் கிடைத்தது. அவர் நேரிலும் தொலைபேசியிலும் பேசினார், அறிவுரை கூறினார், உற்சாகப்படுத்தினார். இரண்டாம் குழுவினர் முன்னைவிட மிகுதியாக இயங்கியதாகக் கூறினர். ஆயினும் அவர்களுடைய மனச்சோர்வு, முதற்குழுவினரைவிடக் கூடுதலாகக் குறையவில்லை.

டியூக் ஆய்வுக்கும் இவ்வாய்வுக்கும் வேறுபாடுகள் பல. டியூக் ஆய்வில் பங்கேற்றோர் பயிற்சியை ஏற்கும் விருப்பத்தோடு தாமே முன்வந்தவர்கள். அங்குப் பயிற்சிக்கென்று நாளும் நேரமும் இடமும் வரையறுக்கப்பட்டிருந்தன. கண்காணித்து உதவப் பயிற்றுநர் இருந்தார். முதல் ஆய்வில் உடன் நடக்கப் பிறரும் இருந்தனர். இங்கிலாந்து ஆய்வில் நோயாளிகள் பெற்றது பெரும்பாலும் சொல்லாகிய ஊக்கம். எந்த வேறுபாடு எவ்வளவு பயனை விளைத்தது என்பதை இவ்விரு ஆய்வுகளைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. எனினும், 'நடந்தால் சரியாகிவிடும்' என்று ஒருவரிடம் கூறுவதும், அவர் நடப்பதற்கு உரிய சூழலை அமைத்துத் தருவதும் ஒன்றல்ல என்பதை உணர இவை போதும்.

உடலுக்குள் நிகழ்வன

நடை மனத்திற்கு எவ்வாறு உதவுகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பல வழிகள் ஒருங்கே செயற்படுவதாக அறிவியலாளர் கருதுகின்றனர். மூளையில் நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, நெடுநாள் மனச்சோர்வு உடையோரிடம் சற்றே சுருங்கியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 120 முதியோரைக் கொண்டு நடத்தி 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி மேற்கொண்டோரிடம் இப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர். ஆயினும் நடையால் மூளையின் அமைப்பிலும் மாற்றம் நிகழக்கூடும் என்பதை அது காட்டியது. நரம்பணுக்களின் வளர்ச்சிக்குத் துணைசெய்யும் புரதம் ஒன்று உடற்பயிற்சியின்போது மிகுவதும் இதனோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

வேறு வழிகளும் உண்டு. பகலில் நடப்பவர்க்கு இரவில் உறக்கம் எளிதாகிறது. உறக்கம் சீரானால் மறுநாளின் மனநிலை சீராகிறது. காலையொளி உடலின் கடிகாரத்தை ஒழுங்குபடுத்துகிறது. நடக்கும்போது கண்ணும் காதும் புறவுலகின்பால் திரும்புவதால், ஒரே கவலையை மீண்டும் மீண்டும் அசைபோடும் மனம் சிறிது நேரமேனும் ஓய்கிறது. குறித்த தொலைவைக் கடந்தேன் என்னும் எளிய நிறைவு, 'என்னால் எதுவும் ஆகாது' என்னும் எண்ணத்திற்கு எதிரான சான்றாக நிற்கிறது. இறுதியாகக் கூறப்பட்ட இது சிறிதாகத் தோன்றினும், நோயாளிக்கு அரும்பொருள்.

தொடங்கும் முறை

நோயின் பிடியில் இருப்பவர்க்கு அரைமணி நடை என்பதே மலைப்பாகத் தோன்றலாம். படுக்கையிலிருந்து எழுதல், முகம் கழுவுதல், செருப்பு அணிதல் ஆகியவைகூட அவர்க்குத் தனித்தனி வேலைகள். ஆகவே, முதல்நாளின் இலக்கு வாசல்வரை சென்று வருவதாகவே இருக்கலாம்; மறுநாள் தெருமுனைவரை; சில நாளில் பத்து நிமிடம். விருப்பம் தோன்றும்வரை காத்திருப்பதைவிட, நாள்தோறும் குறித்த நேரத்தில் தொடங்குவது பயன்தரும். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம். தவறியதற்காகத் தம்மை நொந்துகொள்ளுதல் நோய்க்கே துணைபோகும். உடன் நடப்பவரோடு பேசமுடியும், ஆனால் பாடமுடியாது என்னும் அளவிலான வேகமே மிதமான வேகம். இதயநோய், மூட்டுநோய் முதலியன உடையோர் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

தெருவில் தனியே நடக்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் ஒன்றுபோல் இல்லை. போக்குவரத்து நெரிசலும் வெயிலும் பாதுகாப்பின்மையும், சிறப்பாகப் பெண்களுக்கு, தடையாகலாம். மொட்டைமாடி, வீட்டு முற்றம், பள்ளி விளையாட்டுத்திடல் ஆகியவையும் நடப்பதற்குரிய இடங்களே. நடை பிடிக்காதவர் மிதிவண்டி ஓட்டலாம், பந்தாடலாம், தோட்டவேலை செய்யலாம், நடனமாடலாம். பொதுத்தேர்வை நோக்கிய படிப்பில் உடற்கல்விப் பாடவேளையை இழப்பாகக் கருதும் வழக்கம் மாணவரிடமும் பெற்றோரிடமும் உண்டு. மனநலத்திற்கு உடலியக்கம் ஆற்றும் பணியை அறிந்தோர் அப்பாடவேளையைப் பிற பாடங்களுக்கு விட்டுக்கொடார்.

வழிகாட்டும் சொல்

மனநல ஆலோசனை கூறுவதைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். இச்சொல்லின் வேர் சங்க இலக்கியத்தில் உள்ளது. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழிப்படுத்துதல். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையில் வாடி எதிரே வரும் கலைஞரைக் கண்டு, தாம் சென்ற வழியைக் கூறி அவரையும் செலுத்துவது ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளே. கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெற்ற மலைபடுகடாம், வழியிலுள்ள இடர்களையும் தங்குமிடங்களையும் கிடைக்கும் உணவையும் விரிவாக எடுத்துரைக்கிறது.

ஆற்றுப்படுத்துவோரின் இயல்புகளை இங்குக் கருதுதல் தகும். அவர் எதிரே வருபவரின் வாட்டத்தைக் கண்டு இகழ்வதில்லை. நீ ஏன் இந்நிலையில் இருக்கிறாய் என்று கடிவதில்லை. தாமும் அந்நிலையில் இருந்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. இலக்கு எங்குள்ளது என்பதோடு நில்லாமல், எங்கே பாறை வழுக்கும், எங்கே இளைப்பாறலாம் என்பதையும் கூறுகிறார். மனச்சோர்வுற்றவர்க்கு வேண்டுவதும் இத்தகைய துணையே.

'சோம்பலை விடு', 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்', 'எழுந்து நட, எல்லாம் சரியாகும்' என்னும் சொற்கள் நல்லெண்ணத்தோடு கூறப்பட்டாலும் நோயுற்றவர் செவியில் குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். தம்மால் இயலாததைப் பிறர் எளிதென்று கூறக்கேட்டு அவர் மேலும் ஒடுங்குவார். அதே நண்பர், 'மாலை ஐந்து மணிக்கு வருகிறேன், முனைவரை போய்வரலாம், பேசவேண்டும் என்பதில்லை' என்று கூறிக் குறித்த நேரத்தில் வாயிலில் நின்றால், அது சுமையைப் பகிர்வதாகும். இருவர் அருகருகே நடக்கும்போது முகத்தை முகம் நோக்கும் இறுக்கம் இல்லை; மௌனமும் அங்குப் பொருந்தும்; பேச்சு எழுந்தால் அது இயல்பாக எழும். அன்று அவர் வர மறுத்தாலும் குறையில்லை. மறுநாளும் வந்து நிற்பதே துணை.

எல்லையை அறிதல்

நடை சிகிச்சைக்குத் துணை. எல்லா நிலைகளிலும் அதுவே சிகிச்சையாகிவிடாது. கடுமையான மனச்சோர்வு உடையோர்க்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் இன்றியமையாதவை. மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இடையே பலனில்லை என்று கைவிடலாகாது. நடக்கத் தொடங்கியபின் உடல் நலமாக உணர்ந்தாலும், மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்துதல் தீங்கு பயக்கும். நடந்தும் மனம் தேறாதவர், முயற்சியில் குறைந்தவர் அல்லர்; அவர்க்கு வேறுவகைச் சிகிச்சை தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள்.

வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால் அதை விளையாட்டாகக் கொள்ளாது, அவரைத் தனியே விடாமல், பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோருள் ஒருவர்க்கு உடனே தெரிவித்தல் வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று நண்பர் வேண்டினாலும், உயிரைக் காக்கும்பொருட்டு அவ்வாக்கை மீறுதல் நட்புக்கு மாறானதன்று. ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். தமக்காக மட்டுமன்றி, நண்பருக்கு எவ்வாறு உதவுவது என்று கேட்பதற்காகவும் அழைக்கலாம்.

மனச்சோர்வு தீர்க்கத்தக்க நோய். மருந்து, பேச்சு, உறக்கம், உடலியக்கம், உறவு எனப் பல துணைகள் சேர்ந்து அதைத் தீர்க்கின்றன. அவற்றுள் மருந்தை அளிக்க மருத்துவர் வேண்டும்; உளவியல் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஒருவரோடு தெருமுனைவரை நடந்துசெல்ல நண்பராக இருந்தாலே போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் அனைத்து மாணவரும், உடற்குறை உடையோர் உட்பட, பங்கேற்கத்தக்க மாலைநடைக் குழு ஒன்றை அமைப்பதற்கான திட்டத்தை எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.

2. வருந்தியிருக்கும் நண்பரிடம் நாம் வழக்கமாகக் கூறும் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் ஆற்றுவன எவை, புண்படுத்துவன எவை எனப் பகுத்துக் காரணம் கூறுக.

3. பத்துப்பாட்டில் உள்ள ஐந்து ஆற்றுப்படை நூல்களின் பெயர்களையும் அவற்றின் பாட்டுடைத் தலைவர்களையும் அட்டவணைப்படுத்துக.

அருஞ்சொற்பொருள்

இளிவு – இகழப்படுதல்
இழவு – இழப்பு
அசைவு – தளர்தல்
நிலைக்களன் – தோன்றுதற்குரிய இடம்
ஆறு – வழி
பரிசில் – கொடையாகப் பெறும் பொருள்
போலி மாத்திரை – ஆய்வில் ஒப்பீட்டுக்காகத் தரப்படும், மருந்துப்பொருள் இல்லாத மாத்திரை
தொகுப்பாய்வு – பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே ஆராய்தல்

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் அல்லாதது எது?
அ) இளிவு ஆ) இழவு இ) அச்சம் ஈ) வறுமை

2. மலைபடுகடாமின் வேறுபெயர்
அ) பொருநராற்றுப்படை ஆ) கூத்தராற்றுப்படை இ) பெரும்பாணாற்றுப்படை ஈ) சிறுபாணாற்றுப்படை

குறுவினா

1. மன அழுத்தத்திற்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மனச்சோர்வு நோயாளிகளின் நடையில் காணப்பட்ட மாற்றங்கள் யாவை?

சிறுவினா

1. மனச்சோர்வு ஒரு சுழலாக இயங்குவதை விளக்குக.
2. 2007ஆம் ஆண்டு ஆய்வின் நான்கு எண்கள் உணர்த்தும் மூன்று செய்திகளை எழுதுக.

நெடுவினா

'நடக்கச் சொல்லுதலினும் உடன் நடத்தல் சிறந்தது' என்னும் கருத்தை, ஆய்வுச் சான்றுகளோடும் ஆற்றுப்படை மரபோடும் பொருத்தி விவரிக்க.